ஏப்ரல் 22-க்கு முன் இறந்தவர்கள்

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் ஆடிய ஒருவர் 2015 ஏப்ரல் 21ஆம் தேதி இறந்தார், அவருடைய மூளையைப் பரிசோதித்த மருத்துவர்கள் சி.டி.இ. எனப்படும் சிதைவுநோயைக் கண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் குடும்பத்துக்கு லீக்கிடமிருந்து 40 லட்சம் டாலர் வரை இழப்பீடு கிடைக்க வழியுண்டு. அவரோடு ஒரே அணியில் ஆடி, அதே நோயைச் சுமந்த இன்னொருவர் இரண்டு நாள் கழித்து இறந்திருந்தால், அந்த நோயின் பேரில் அவர் குடும்பத்துக்கு ஒரு டாலரும் இல்லை. இடைப்பட்ட ஏப்ரல் 22 அன்றுதான் பிலடெல்பியாவின் கூட்டாட்சி நீதிபதி அனிடா பிராடி, லீக்குக்கும் ஓய்வுபெற்ற வீரர்களுக்கும் இடையிலான சமரசத்துக்கு இறுதி ஒப்புதல் தந்தார். 'சி.டி.இ.யுடன் மரணம்' என்ற தலைப்பில் அந்தத் தேதிக்கு முன் இறந்தவர்களுக்கு மட்டுமே பணம்.

இந்த வரம்புக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உயிரோடு இருப்பவர்கள் மறதிநோய், பார்க்கின்சன், ஏ.எல்.எஸ். போன்றவற்றுக்கு மருத்துவச் சான்று பெற்று வாழும்போதே பணம் கோரலாம். முன்பே இறந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. ஆகவே அவர்களுக்கு மட்டும் தனித் தலைப்பு. காகிதத்தில் இது பொருந்துகிறது. ஆனால் வீரர்களின் குடும்பங்கள் சொன்ன அடையாளங்கள் மறதியோடு நிற்கவில்லை. காரணமில்லாத கோபம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றையும் அவர்கள் சொன்னார்கள். ஒப்பந்தத்தின் இழப்பீட்டுப் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை.

வீரர்கள் தொடுக்கும் வழக்குகளே இந்த லீக்கை ஒருநாள் மூடவைக்கும் என்று பத்தாண்டுக்கும் மேலாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வழக்குகள் இதுவரை லீக்கை வலுப்படுத்தியே வந்திருக்கின்றன. எதிரில் ஒரு தரப்பு இருந்து, அதோடு உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட முடிகிறவரை லீக் தோற்பதில்லை. கையெழுத்திட எதிரே ஒருவரும் இல்லாத இடங்களில்தான் அதற்கு ஆபத்து இருக்கிறது. அந்த இடங்கள் எவை என்று பார்க்கும் முன், லீக் இந்தப் பழக்கத்தை எங்கே கற்றது என்று பார்க்க வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது நம் ஊர் மைதானங்களில் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுகிறவரை மோதி வீழ்த்துவதும், அவருக்கு வழி அமைக்கச் சக வீரர்கள் எதிரணியை முட்டித் தள்ளுவதும்தான் ஆட்டம். முன்வரிசையில் நிற்பவர்களுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் தலையில் அடி விழும். மயங்கி விழவைக்கும் பெரிய அடியைவிட, யாரும் கவனிக்காமல் பல்லாயிரக்கணக்கில் சேரும் சிறிய அடிகளே மூளைக்கு அதிகக் கேடு என்ற கருத்து இன்று வலுத்திருக்கிறது.

முதல் வழக்குகள் உடலைப் பற்றியவை அல்ல, கூலியைப் பற்றியவை. பில் ராடோவிச் என்ற டெட்ராய்ட் வீரர், நோயுற்ற தந்தைக்கு அருகில் இருக்க லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு மாற்றல் கேட்டார். மறுத்தார்கள். அவர் போட்டி லீக் ஒன்றுக்குப் போனார். அதன்பின் அவரை வேலைக்கு எடுக்கக் கூடாத பட்டியலில் வைத்தார்கள். 1957இல் உச்ச நீதிமன்றம், பேஸ்பாலுக்கு உள்ள விலக்கு கால்பந்துக்கு இல்லை, ஏகபோகத் தடைச் சட்டம் இந்த லீக்கையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. வீரர்கள் பிற்பாடு பெற்ற பேரம்பேசும் வலிமைக்கெல்லாம் வேர் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அடுத்து வந்தவர் ஜான் மேக்கி. பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் வீரர், வீரர் சங்கத்தின் தலைவர். ஒப்பந்தம் முடிந்த வீரரை வேறு அணி எடுத்தால், பழைய அணிக்கு ஈடாக என்ன கொடுக்க வேண்டும் என்பதை லீக்கின் ஆணையரே முடிவு செய்யலாம் என்று அன்று ஒரு விதி இருந்தது. ஈடு எவ்வளவு ஆகுமோ என்ற பயத்தில் அணிகள் ஒதுங்கிக்கொண்டன. வீரர் பெயரளவில் சுதந்திரர், நடைமுறையில் கட்டுண்டவர். அந்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என்று 1976இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆனாலும் தடை நீங்கவில்லை. அடுத்த ஆண்டே லீக் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு, கட்டுப்பாட்டை வேறு உருவில் திரும்பப் பெற்றது. தன்னிச்சையாக விதித்தால் சட்டவிரோதமாகும் ஒரு தடை, சங்கத்தின் ஒப்புதலோடு வந்தால் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும். லீக் கற்ற முதல் பாடம் இதுதான்.

1987 வேலைநிறுத்தம் மாற்று ஆட்களால் முறியடிக்கப்பட்டது. சங்கம் 1989இல் தன் தொழிற்சங்கத் தகுதியையே துறந்துவிட்டு வழக்குக்குப் போனது. 1992இல் மினியாபொலிஸ் ஜூரி வீரர்களுக்குச் சாதகமாகச் சொன்னது; ரெஜி வைட் பெயரில் கூட்டு வழக்கு வந்தது; 1993இல் சமரசம். வீரர்களுக்கு அணி மாறும் உரிமை கிடைத்தது, அணிகளுக்கு மொத்தச் சம்பளத்தின் மேல் ஓர் உச்சவரம்பு கிடைத்தது. 1994இல் அந்த வரம்பு ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர். 2024இல் 25.54 கோடி டாலர். வழக்கில் வென்றவர்கள் வீரர்கள், ஆனால் அந்த வழக்கு தந்த தொழில் அமைதியில் லீக் உலகின் மிகப் பணக்கார விளையாட்டு அமைப்பாக வளர்ந்தது. 2021இல் அது கையெழுத்திட்ட ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு 11 ஆண்டுகளுக்குச் சுமார் 11,000 கோடி டாலர்.

அந்த ஜான் மேக்கிக்குப் பிற்காலத்தில் முன்மூளை மறதிநோய் வந்தது. பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாமல் அவர் மனைவி லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். 2007இல் லீக்கும் சங்கமும், மறதிநோய் கண்ட முன்னாள் வீரர்களுக்காக ஒரு நிதியுதவித் திட்டம் தொடங்கின. மேக்கியின் சட்டை எண்ணான 88 அதன் பெயராயிற்று. காப்பக உதவியும் அன்று ஆண்டுக்கு 88,000 டாலர் வரை என்று வைத்தார்கள். அவர் 2011 ஜூலை 6 அன்று இறந்தார். அவர் மூளையிலும் சி.டி.இ. இருந்தது. அதே மாதம், இரண்டு வாரத்துக்குள், 75 முன்னாள் வீரர்கள் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் முதல் பெரிய மூளைக்காய வழக்கைத் தாக்கல் செய்தார்கள்.

இந்த இரண்டாம் வகை வழக்கின் அடித்தளத்தில் இருப்பவர் மைக் வெப்ஸ்டர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் முன்வரிசை நடு வீரர், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை நான்கு முறை வென்றவர். ஓய்வுக்குப் பின் நினைவும் நிதானமும் குலைந்து, சில காலம் தன் வண்டியிலேயே தங்கினார். 2002 செப்டம்பரில், 50 வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த பென்னெட் ஒமாலு நைஜீரியாவில் பிறந்த மருத்துவர். அமெரிக்கக் கால்பந்து பற்றி ஒன்றும் அறியாதவர். டௌ என்ற புரதம் மூளைத் திசுவில் திட்டுத்திட்டாகப் படிந்திருப்பதை அவர் கண்டு, 2005இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். லீக் அமைத்திருந்த மூளைக்காயக் குழுவைச் சேர்ந்த மூவர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கோரினார்கள்.

அந்தக் குழு 1994இல் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் எலியட் பெல்மன் மூட்டுநோய் மருத்துவர், நரம்பியலாளர் அல்லர். 2003 முதல் குழு வரிசையாக வெளியிட்ட கட்டுரைகள், தலையில் படும் அடிகளால் நீண்டகாலப் பாதிப்புக்குச் சான்றில்லை என்ற முடிவையே சுற்றிவந்தன. ஆனால் அதற்கு முன்பே, 1999இல், லீக்கும் சங்கமும் சேர்ந்து நடத்தும் ஓய்வூதிய வாரியம் வெப்ஸ்டருக்கு ஊனத்தொகை வழங்கியிருந்தது. அவரது ஊனத்துக்குக் காரணம் கால்பந்தில் தலையில் பட்ட காயங்கள்தான் என்று வாரியமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. ஒரே லீக்கின் ஒரு கை காரணத்தை ஏற்றுப் பணம் கொடுக்க, மறு கை அப்படி ஒரு காரணமே இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தது. இந்த முழு வரலாற்றிலும் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம். அறியாமையை மன்னிக்கலாம். அறிந்தவர்களின் கோப்பு ஓர் அறையில் இருக்க, அறியாதவர்களின் கட்டுரை பக்கத்து அறையில் அச்சாவதை எப்படி மன்னிப்பது?

தெரிந்தே மறைத்தார்கள் என்பதுதான் 2011இல் தொடங்கிய வழக்குகளின் குற்றச்சாட்டு. 2012 ஜனவரியில் அவை பிலடெல்பியாவில் ஒன்றிணைக்கப்பட்டன. 4,500-க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டேவ் டூர்சன் என்ற முன்னாள் வீரர், தன் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கும்படி குறிப்பு எழுதி வைத்துவிட்டுத் தன்னை மாய்த்துக்கொண்டிருந்தார். 2012 மே மாதம் இன்னொரு முன்னாள் வீரர் ஜூனியர் சியாவும் தன்னை மாய்த்துக்கொண்டார். இருவர் மூளையிலும் சி.டி.இ. உறுதியானது.

லீக் தன் பழைய பாடத்தையே கேடயமாக்கியது. உடல்நலம், பாதுகாப்பு எல்லாம் சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் அடங்கும். ஆகவே இது தொழில் தகராறு, மத்தியஸ்தர் முன் தீர்க்க வேண்டியது, நீதிமன்றத்துக்கு இதில் வேலையில்லை என்று வாதிட்டது. இந்த வாதம் வென்றிருந்தால் ஆயிரக்கணக்கான வழக்குகள் அன்றே விழுந்திருக்கும். தோற்றிருந்தால் லீக் தன் கோப்புகளைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். மருத்துவர்களும் ஆணையர்களும் சத்தியம் செய்து சாட்சி சொல்ல நேர்ந்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பயம் இருந்தது. நீதிபதி பிராடி தீர்ப்புச் சொல்லாமல் இரு தரப்பையும் சமரசத்துக்கு அனுப்பினார். 2013 ஆகஸ்ட் 29 அன்று, புதிய ஆட்டப் பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்க, 76.5 கோடி டாலருக்கு உடன்பாடு அறிவிக்கப்பட்டது.

அந்தத் தொகையை 32 அணிகளுக்குப் பங்கிட்டால் அணிக்குச் சுமார் 2.4 கோடி டாலர், அதுவும் பல ஆண்டுத் தவணைகளில். பணம் போதாமல் போகலாம் என்று நீதிபதியே 2014 ஜனவரியில் முதற்கட்ட ஒப்புதல் தர மறுத்தார். பிறகு உச்சவரம்பு நீக்கப்பட்டு, 65 ஆண்டுகள் நடக்கும் திட்டமாக அது மாறியது. ஏ.எல்.எஸ். நோய்க்கு அதிகபட்சம் 50 லட்சம் டாலர், பார்க்கின்சனுக்கும் அல்சைமருக்கும் 35 லட்சம். வயது கூடக்கூட, ஆடிய பருவங்கள் குறையக்குறைய தொகை சுருங்கும். ஓய்வுபெற்ற வீரர்களில் ஏறக்குறைய பத்தில் மூவர் இத்தகைய நோய்களுக்கு ஆளாவார்கள் என்ற கணிப்பு லீக் தரப்பு ஆவணத்திலேயே நீதிமன்றத்துக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் மேல்முறையீடுகளை ஏற்க மறுத்தது. இன்றுவரை ஒப்புதலான இழப்பீடு 120 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. லீக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கோப்புகளும் வீரர்கள் தரப்புக்குத் திறக்கப்படவில்லை. லீக் கொடுத்த பணம் இந்த மௌனத்துக்குத்தான் என்பது என் கணிப்பு. ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலர் அளவில் ஈட்டிக்கொண்டிருந்த ஓர் அமைப்புக்கு அது மலிவு.

வீரர்கள் சமரசத்தோடு கைவிட்ட கேள்வியை வேறு சிலரும் கேட்டார்கள் என்பது பலர் கவனிக்காத செய்தி. லீக்கின் காப்பீட்டு நிறுவனங்கள் 2012லேயே நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போயின. ஆபத்தை முன்பே அறிந்து மறைத்திருந்தால் அந்தச் செலவை நாங்கள் ஏற்க வேண்டியதில்லை, ஆகவே லீக்குக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்று காட்டுங்கள் என்றன.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் பணம் எளிதில் வரவில்லை. மறதிநோய்க்கு ஒப்பந்தம் வைத்த வரையறை, மருத்துவர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவதைவிடக் கடுமையானது. 2020இல் கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரு கறுப்பின முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கு இன்னும் கொடிய ஒன்றை வெளிக்கொண்டுவந்தது. அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்களை இனவாரியாகத் திருத்தி மதிப்பிட்டு வந்தார்கள்: கறுப்பினத்தவரின் தொடக்க அறிவுத்திறனே குறைவு என்று அனுமானம். தொடக்கமே தாழ்வு என்றால் இழந்தது குறைவாகத்தான் தெரியும். அதே மதிப்பெண் வாங்கிய வெள்ளையருக்குக் கிடைக்கும் இழப்பீடு கறுப்பினத்தவருக்குக் கிடைக்காமல் போகலாம். லீக்கில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நீதிபதி முதலில் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். வீரர்களின் மனைவியர் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2021 ஜூனில் லீக் அந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தது, 2022 மார்ச்சில் மாற்றம் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. நீதிமன்றத்தின் கண்முன்னே, நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்கள் படித்த ஓர் ஒப்பந்தத்தின் நிழலில் இது நடந்திருக்கிறது.

ஆக, லீக்கின் எதிர்காலத்துக்கு இந்த வழக்குகள் என்ன செய்தன? டைலர் கோவன், கெவின் கிரியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2012இல் ஒரு சித்திரம் வரைந்தார்கள். வழக்குகள் முதலில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் தாக்கும், காப்பீட்டுக் கட்டணம் எகிறும், சின்ன ஊர்கள் ஆட்டத்தைக் கைவிடும், பெற்றோர் பிள்ளைகளை விலக்குவார்கள், கடைசியில் மேலே உள்ள லீக் வீரர்கள் இன்றி வாடும் என்றார்கள். அது அப்படி நடக்கவில்லை. 2023இல் அமெரிக்கர்கள் அதிகம் பார்த்த 100 தொலைக்காட்சி ஒளிபரப்புகளில் 93 இந்த லீக்கின் ஆட்டங்கள்.

இருந்தும் அவர்கள் சுட்டிய திசையை நான் தவறென்று ஒதுக்க மாட்டேன். கொலராடோவில் ஒரு பள்ளி மாணவர் மூளையில் காயமுற்ற வழக்கில், 2013இல் ஜூரி 1.15 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஹெல்மெட் செய்த ரிடல் நிறுவனம் அதில் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும் என்றது. ஹெல்மெட்டின் வடிவில் குறை காணாத அதே ஜூரி, மூளையதிர்ச்சி பற்றி எச்சரிக்கத் தவறினார்கள் என்று சொன்னது. லீக்கின் அணிகளுக்கே தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு தர முன்வரும் நிறுவனம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்று 2019இல் விளையாட்டு ஊடகமான இ.எஸ்.பி.என். எழுதியது. உயர்நிலைப் பள்ளிகளில் இந்த ஆட்டம் ஆடும் மாணவர்கள் 2008-09இல் 11 லட்சத்துக்கு மேல். பத்தாண்டில் 10 லட்சத்தை ஒட்டி இறங்கினார்கள். பெருந்தொற்றுக்குப் பின் எண்ணிக்கை சற்றே ஏறியிருக்கிறது. சரிவு என்று சொல்லலாம், வீழ்ச்சி என்று சொல்ல முடியாது.

முன்பு நான் குறிப்பிட்ட ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பாலிசியைப் புதுப்பிக்காத காப்பீட்டு நிறுவனத்தோடும், பத்து வயதுப் பையனைச் சேர்க்காத தாயோடும் சமரசப் பேச்சு நடத்த முடியாது. லீக் இதை நன்றாக அறிந்திருக்கிறது. மோதி வீழ்த்துவதற்குப் பதில் இடுப்பில் தொங்கும் கொடியைப் பறிக்கும் 'ஃபிளாக்' கால்பந்தை அது பள்ளிகளில் ஊக்குவிப்பதும், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அந்த ஆட்டம் இடம்பெற உழைத்ததும் விளையாட்டு வளர்ச்சிக்காக மட்டும் அல்ல.

இன்று ஆடிக்கொண்டிருப்பவர்களின் நிலை வேறு. 2014 ஜூலை 7-க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கே அந்த ஒப்பந்தம். இன்றைய வீரர் நாளை நோயுற்றால் புதிதாக வழக்குத் தொடுக்க வேண்டும். அப்போது அவரிடம், மறைத்தார்கள் என்ற பழைய ஆயுதம் இருக்காது. 2016 மார்ச்சில் லீக்கின் பாதுகாப்புப் பிரிவுத் துணைத்தலைவர் ஜெஃப் மில்லர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன், கால்பந்துக்கும் சி.டி.இ. போன்ற நோய்களுக்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். பத்திரிகைகள் அதை வீரர்களின் வெற்றியாகக் கொண்டாடின. என் பார்வையில் அது லீக்குக்குக் கிடைத்த பாதுகாப்பும் ஆகும்: சொல்லிவிட்டோம், தெரிந்துதானே ஆடினீர்கள் என்று இனி அது கேட்கலாம். 2015இல் கிறிஸ் போர்லண்ட் என்ற 24 வயது வீரர் ஒரே பருவத்தோடு விலகினார். அவர் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டார். அவரைப் போல மாற்று வழி உள்ளவர்கள் எத்தனை பேர்?

காரணத்தை நிறுவுவதும் கடினம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ குழு 2017இல் ஆராய்ந்த 111 லீக் வீரர்களின் மூளைகளில் 110இல் சி.டி.இ. இருந்தது. அதிர்ச்சியூட்டும் எண்தான். ஆனால் நோய்க்குறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுக்கின்றன என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்வார். மெக்கீயே அந்த வரம்பைச் சொல்லியிருக்கிறார். கல்லூரி விளையாட்டு அமைப்புக்கு எதிராக, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக முன்னாள் வீரர் ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கு 2022இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜூரி முன் முடிவுக்கு வந்தது. அந்த வகையில் ஜூரி தீர்ப்பு வரை போன முதல் வழக்கு அது. அமைப்பு பொறுப்பல்ல என்றது ஜூரி. லீக்கின் ஊனத்தொகை வாரியத்தை எதிர்த்து முன்னாள் வீரர் மைக்கேல் கிளவுட் 2022இல் டல்லாஸில் வென்றார், அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் தோற்றார்.

எனவே நீதிமன்றத்தில் ஒரு பெரிய தீர்ப்பு வந்து லீக்கை முடித்துவைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வழக்குகள் தந்த மாற்றம் பெரும்பாலும் பேச்சுமேசையில்தான் நிலைத்தது. 2011 கூட்டு ஒப்பந்தம் பருவத்தில் முழுக்கவசத்தோடு மோதிப் பயிற்சி செய்யும் நாள்களை 14ஆகக் குறைத்தது. தலையில் படும் அடிகளைக் குறைத்ததில் எந்த இழப்பீட்டுக் காசோலையையும்விட அந்த ஒரு விதிக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் அதே சங்கம் 2020 ஒப்பந்தத்தில் பருவத்துக்கு 17 ஆட்டங்கள் என்று உயர்த்தச் சம்மதித்தது. இப்போது லீக் 18ஐப் பற்றிப் பேசுகிறது.

இரண்டு தேதிகள் எதிரே இருக்கின்றன. மூளைக்காயச் சமரசத்தில், மருத்துவ முன்னேற்றத்தை ஒட்டி நோய் வரையறைகளை மாற்றுவது பற்றி இரு தரப்பும் குறைந்தது பத்தாண்டுக்கு ஒருமுறை நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஒப்பந்தம் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சி.டி.இ.யை இன்று இறந்த பிறகே உறுதிசெய்ய முடிகிறது. உயிரோடு இருப்பவரிடம் கண்டறியும் சோதனைக்கான ஆராய்ச்சி நடக்கிறது. அது கைகூடினால் 2015 ஏப்ரல் என்ற வரம்புக்குச் சொல்லப்பட்ட காரணம் வலுவிழக்கும். ஆனால் லீக் எழுத்தில் சம்மதிக்காமல் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. மற்றொன்று, 2030 பருவத்தோடு முடியும் கூட்டு ஒப்பந்தம். ஆட்டத்தை நிறுத்தும் வல்லமை அப்போது ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்கு இருக்கும், ஓய்வுபெற்றவர்களுக்கு இருக்காது. தங்களுக்குப் பின் வரும் மறதிக்கான பணத்தை, நினைவு நன்றாக இருக்கும்போதே அவர்கள் அந்த மேசையில் எழுதிவாங்க வேண்டும்.